ஆழ்வார்குறிச்சிக்கு விமான நிலையம் எவ்வளவு தூரம்?

தென்காசிப் பக்கத்து ஊரான ஆழ்வார்குறிச்சிக்கு மிக அருகில் உள்ள விமான நிலையம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் தூத்துக்குடி என்பார்கள். வரைபடத்தில் நூல் பிடித்து அளந்து பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் அமைந்துள்ள வாகைக்குளம் ஊருக்குக் கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. தென்மேற்கே உள்ள திருவனந்தபுரம் விமான நிலையம் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்த அறுபதுக்கு நடுவில் பொதிகை மலை நிற்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையும் அதைச் சூழ்ந்த காடும் குறுக்கே இருப்பதால், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலையைச் சுற்றித்தான் கார் போக முடியும். அந்த வழி 125 கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்றரை மணி நேரம் பிடிக்கும், சாரல் காலத்தில் இன்னும் கூடும். வாகைக்குளத்துக்கோ அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாகச் சுமார் 80 கி.மீ. சாலை, காரில் இரண்டு மணி நேரம். ஆகவே யோசிக்காமல் சொன்ன விடைதான் சரி. வரைபடம் தூரத்தைச் சொல்கிறது, ஊர் நேரத்தைச் சொல்கிறது.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர், பறக்கும் நேரம் இத்தனை என்று அச்சாகும் எண்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை விமானத்தின் கேள்விக்கான விடைகள், பயணியின் கேள்விக்கானவை அல்ல. திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் விமானப் போக்குவரத்து பற்றிய பேச்சு முழுவதும் விமானத்தின் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: ஓடுதளம் எவ்வளவு நீளம், பெரிய விமானம் எப்போது வரும், எந்த நகரத்துக்குப் புதிய சேவை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழ்பவரின் பயணத்தில் குறைக்கக்கூடிய நேரம் பெரும்பாலும் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் என்பது சாலையைப் போல யாரும் போய் அளந்தது அல்ல. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓடுதளத்தை ஒட்டி ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து, பூமியின் வளைந்த பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டைக் கணக்கிடுகிறார்கள். பெருவட்டத் தூரம் என்று இதற்குப் பெயர். பூமியைச் சரியான உருண்டையாகக் கொண்டு கணக்கிட்டாலும், துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று கொண்டு கணக்கிட்டாலும் வித்தியாசம் அரை சதவீத அளவுதான். இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வரும் இந்த எண்ணுக்குப் பின்னால் நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உழைப்பு இருந்தது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய பரங்கிமலை, இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக அவர் அளந்து போனபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று நம்பப்பட்டிருந்த அகலம் 360 மைலாகச் சுருங்கியது. பழைய வரைபடங்களை நம்பியிருந்தால் தீபகற்பத்தில் இல்லாத நாற்பது மைலை நாம் இன்னும் சுமந்துகொண்டிருப்போம். அவருடைய அளவைக் கோடு தெற்கே குமரிமுனைக்கு அருகில் வரை வந்தது.

இந்தக் கணக்கு சில வியப்பான செய்திகளைத் தருகிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் ஏறத்தாழ 530 கி.மீ. பெங்களூருவிலிருந்து சுமார் 500 கி.மீ. மாநிலத் தலைநகரைவிட அடுத்த மாநிலத் தலைநகர் வானவழியில் நமக்கு அருகில் இருக்கிறது என்பது பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கும். சென்னை – மதுரை 420 கி.மீ. அளவிலும், சென்னை – திருவனந்தபுரம் 615 கி.மீ. அளவிலும் வரும். இவற்றைவிட முக்கியமானது துபாய்க் கணக்கு. திருவனந்தபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் துபாய் ஏறத்தாழ ஒரே தூரம், இரண்டுமே 2,900-க்கும் 3,000 கிலோமீட்டருக்கும் இடையில். சென்னை வடக்கே இருப்பதால் அது வளைகுடாவுக்கு அருகில் என்று சிலரும், திருவனந்தபுரம் மேற்குக் கரையில் இருப்பதால் அதுவே அருகில் என்று சிலரும் நினைப்பதுண்டு. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. அப்படியானால் பொட்டல்புதூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ துபாய்க்குப் போகிறவர் சென்னை போய் விமானம் ஏறினால், ஊரிலிருந்து சென்னை வரையிலான பயணம் முழுவதும் கூடுதல் சுமை. அவ்வளவு தூரம் போயும் அவர் துபாயைக் குறிப்பிடும்படி நெருங்குவதில்லை. தூரக் கணக்கு பயணிக்கு உண்மையாகவே உதவும் இடம் இதுதான்: எந்த விமான நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி.

தூரம் அறிவியலுக்குக் கட்டுப்படும் அளவுக்கு நேரம் கட்டுப்படுவதில்லை. வாகைக்குளத்துக்கு நெடுங்காலம் வந்து போனவை புரொப்பல்லர் விமானங்கள். அங்கிருந்த ஓடுதளம் 1,350 மீட்டர்தான் என்பதால் ஏடிஆர் போன்ற சிறிய விமானமே இறங்க முடிந்தது. ஏடிஆர் 72 மணிக்கு 510 கி.மீ. வேகத்தில் செல்லும், ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 830 கி.மீ. அளவில் செல்லும். 530 கிலோமீட்டரை இந்த வேகங்களால் வகுத்தால் ஒன்றுக்கு 62 நிமிடம், மற்றதற்கு 38 நிமிடம். ஆனால் சென்னை – தூத்துக்குடி ஏடிஆர் சேவைக்கு அட்டவணையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள். மிச்ச நேரம் எங்கே போகிறது? விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து ஓடுதளத்துக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்குமுன் வேகம் குறைக்க வேண்டும், இறங்கிய பின் மறுபடி ஊர்ந்து வந்து நிற்க வேண்டும். சக்கரம் நகரத் தொடங்கியது முதல் நிற்பது வரையிலான இந்த மொத்த நேரத்தைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். பயணச்சீட்டில் அச்சாவது இதுதான். தூரம் பாதியானாலும் இந்தச் சடங்குகள் பாதியாவதில்லை. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோட்டில் 185 கி.மீ. அளவுதான். 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய அந்தச் சேவைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் அது கார் வேகத்தை நினைவூட்டுகிறது. நடுவில் கடல் இருப்பதால் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

காற்றும் தன் பங்குக்கு நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் உண்டு. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் எனப்படும் அதை 1958-ல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதனால் வளைகுடாவுக்குப் போகும்போதும் வரும்போதும் நேரம் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசமும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. அரசியலும் குறுக்கிடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின் டெல்லியிலிருந்து மேற்கே போகும் சேவைகள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை, நேரம் மட்டும் மாறியது. திருவனந்தபுரத்தில் கடவுளும் அட்டவணையில் இடம் பெறுகிறார். ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுதளத்தைக் கடந்தே போகிறது. அன்று மாலை ஐந்து மணி நேரம் அளவுக்கு நிலையம் மூடப்படும், விமானங்கள் காத்திருக்கும். ஊர்வலம் ஓடுதளத்தைக் கடப்பதற்காக வேறெங்காவது அட்டவணை திருத்துவார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த எண்கள் வெறும் தகவலாக இருந்தால் அவற்றோடு வாதாட வேண்டிய அவசியமில்லை. அவற்றுக்குச் சட்ட பலமும் பண பலமும் உண்டு. கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, மத்திய அரசு பறக்கும் நேரத்தைக் கொண்டே வழித்தடங்களை ஏழு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணம் நிர்ணயித்தது. அந்த முறை 2022 ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் உடான் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் ஒரு மணி நேரப் பயணம், அதாவது சுமார் 500 கி.மீ., 2,500 ரூபாய் என்பதே அதன் முழக்கம். விமானத்தை உரிய அறிவிப்பின்றி நிறுவனம் ரத்து செய்தால் தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பும் பிளாக் டைம் கணக்குத்தான்: ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே இழப்பீடு பெருவட்டத் தூரத்தை வைத்து 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற எல்லைகளில் பிரிக்கப்படுகிறது. இன்னொரு பக்கம், குறித்த நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதமில்லை என்று கணக்கு வைப்பதால், நிறுவனங்கள் அட்டவணை நேரத்தைச் சற்றுத் தாராளமாகவே போட்டுக்கொள்கின்றன. விமானம் முன்கூட்டியே வந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு மகிழ்கிறவர், அந்தச் சில நிமிடங்கள் ஏற்கெனவே தன் கணக்கில் எழுதப்பட்டிருந்தன என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி ஆழ்வார்குறிச்சியிலிருந்து சென்னை எழும்பூருக்கு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டி எழுப்பிய எஸ். அனந்தராமகிருஷ்ணனின் ஊர் இது. ஊருக்கும் சென்னைக்கும் போக்குவரத்து இன்று நேற்று ஏற்பட்டதல்ல. பகல் 12 மணிக்கு வாகைக்குளத்திலிருந்து விமானம் என்று வைத்துக்கொள்வோம். செக்-இன் கவுன்டர் 11 மணிக்கு மூடிவிடும், வழியில் பாளையங்கோட்டை நெரிசலுக்கும் டோல்கேட்டுக்கும் இடம் விட வேண்டும். ஆகவே காலை எட்டேகாலுக்குக் கார் கிளம்ப வேண்டும். பத்தேகாலுக்கு வாகைக்குளம். பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் பாதுகாப்புச் சோதனையும் நாற்காலியும். 1.40-க்கு மீனம்பாக்கம். பெட்டி வந்து வெளியே வர இரண்டு மணி தாண்டும். மெட்ரோ பிடித்து எழும்பூர் சேர மூன்று. மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம். இதில் விமானத்துக்கென்று போனது நூறு நிமிடம், முழுப் பயணத்தில் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு எந்தப் பயணச்சீட்டிலும் எண் இல்லை. சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாதவருக்கு இந்த ஆறே முக்கால் எட்டைத் தாண்டிவிடும்: ஊரிலிருந்து அம்பாசமுத்திரம், அங்கே மாறி வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம், அங்கிருந்து தூத்துக்குடிப் பேருந்தில் ஏறி வாகைக்குளத்தில் இறங்கி, நெடுஞ்சாலையிலிருந்து பெட்டியோடு முனையத்துக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருக்கும் நேரத்தோடு, பேருந்து தவறினால் என்ற பயத்துக்கு ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரயிலோடு ஒப்பிட்டால்தான் இதன் பொருள் தெரியும். 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத், காலை 6 மணியளவில் கிளம்பி 7 மணி 50 நிமிடத்தில் எழும்பூர் சேர்கிறது. ஆழ்வார்குறிச்சிக்காரர் அதைப் பிடிக்க விடிகாலை நாலேகாலுக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். வீட்டு வாசலிலிருந்து எழும்பூர் வரை ஒன்பதரை மணி நேரம். விமானம் மிச்சப்படுத்துவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரவு நெல்லை எக்ஸ்பிரஸிலோ, தென்காசி வழியாகப் போகும் பொதிகையிலோ ஏறிப் படுத்தால் செலவாவது தூங்கும் நேரம்தான். எனவே சென்னைக்கு விமானம் என்பது ஒரே நாளில் வேலை முடித்துத் திரும்ப வேண்டியவருக்கும் அவசரத்துக்கும் உதவும், மற்றவருக்கு அதன் லாபம் சொற்பம். பிரான்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு வழித்தடங்களில் விமான சேவையையே 2023-ல் சட்டப்படி நிறுத்திவிட்டார்கள். அது காற்று மாசை எண்ணிச் செய்தது, நம் ரயில்கள் அந்த வேகத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ரயில் நேரத்தையும் விமான நேரத்தையும் ஒரே தட்டில் வைத்து அளக்கும் அந்தப் பார்வையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். மும்பைக்கு ரயிலில் ஒன்றரை நாள் ஆகிறது. தாராவியில் தலைமுறைகளாக வாழும் நெல்லைக் குடும்பங்களுக்கு விமானம் மிச்சப்படுத்துவது மணிகளை அல்ல, ஒரு முழு நாளை. தூரம் கூடக் கூடத் தரையில் போகும் நேரத்தின் பங்கு சுருங்கும். 500, 600 கிலோமீட்டரில் அது ஆளை விழுங்கும்.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. வாகைக்குளம் இனி பழைய வாகைக்குளம் அல்ல, ஏறத்தாழ 450 கோடி ரூபாய் செலவில் 17,340 சதுர மீட்டர் முனையம் கட்டி 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்துவைத்தார், ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது, ஜெட் விமானங்கள் வந்தால் நேரம் தானாகக் குறையாதா என்று கேட்கலாம். குறையும். சென்னைப் பயணத்தில் மேலே சொன்ன கணக்குப்படி 24 நிமிடம் குறையும். ஆறே முக்கால் மணி நேரத்தில் 24 நிமிடம் என்பது ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. பெரிய ஓடுதளத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: ஏடிஆரால் போக முடியாத தொலைவுக்கு நேரடிச் சேவை. வாகைக்குளத்திலிருந்து மும்பைக்கோ டெல்லிக்கோ நேரடி விமானம் நிலைத்து ஓடினால், நடுவில் சென்னையிலோ பெங்களூருவிலோ இறங்கிக் காத்திருக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் மிச்சமாகும். ஓடுதள நீட்டிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எதற்காக நீட்டப்பட்டது என்பதை அடுத்த கட்டக் கோரிக்கைகள் மறந்துவிடக் கூடாது என்கிறேன். சென்னைக்கு இன்னும் இரண்டு விமானம் என்று கேட்பதைவிட மும்பைக்கு ஒன்று என்று கேட்பது அறிவுடைமை.

இரண்டாவது மறுப்பு அளவையைப் பற்றியது. விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் எல்லோருக்கும் பொது, வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், மாறுவதை எப்படி ஓர் அளவாக ஏற்பது என்பார்கள். மாறுவதாலேயே அளக்க வேண்டாம் என்றால் காற்றையும் மழையையும்கூட அளந்திருக்க மாட்டோம். பிளாக் டைமே ஒரு சராசரிதான், ஒவ்வொரு நாளும் அது மாறத்தான் செய்கிறது. அதற்கு ஓர் எண் போட முடிந்தவர்களுக்கு, அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் பொதுப் போக்குவரத்தில் விமான நிலையம் எத்தனை நேரம் என்று ஓர் எண் போட முடியாதா? அளக்கப்படாத நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. விமானம் அரை மணி தாமதித்தால் செய்தி வருகிறது, கேள்வி கேட்கிறோம். விமானத்தைப் பிடிக்க ஒருவர் இரண்டு மணி நேரம் அதிகமாகச் செலவழித்தால் அது அவர் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம்.

மூன்றாவதாக, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதே, மேற்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய விமான நிலையம் வந்தால் தரை நேரப் பிரச்சினை தீருமே என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. வாகைக்குளமே 1992-ல் திறக்கப்பட்டும் சேவை நிலைக்காமல் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டு, சேவை வந்தும் போயும், 2018-ல் உடான் வழியாக மீண்டும் தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி உயிர் பெற்றது. கட்டடம் கட்டுவது எளிது, தினமும் இருக்கைகளை நிரப்புவதுதான் கடினம். ஏற்கெனவே திருவனந்தபுரம், மதுரை, தூத்துக்குடி மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு வட்டாரத்தில் நான்காவது வந்தால் மூன்றும் மெலியும், நான்காவதும் தேறாது. நாளுக்கு ஒரு விமானம் மட்டும் உள்ள நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் தூரம்தான். காலையில் போய் மாலையில் திரும்ப முடியாவிட்டால் ஓர் இரவு செலவாகிவிடும். மலையைக் குடைந்தோ காட்டை ஊடுருவியோ திருவனந்தபுரத்துக்கு நேர்ச்சாலை கேட்பது இன்னும் மோசம். களக்காடு – முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், தாமிரபரணி பிறக்கும் காடு. அறுபது கிலோமீட்டரை அடைய அந்தக் காட்டைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

மலையைச் சுற்றிப் போகிறவர்களின் கணக்கு மட்டும் தனி. கடையநல்லூர், பொட்டல்புதூர், இரவணசமுத்திரம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு வானத்தில் நாலு மணி நேரம், தரையில் அதற்கு ஈடாக மூன்றரை. போர்டிங் பாஸில் இந்த மூன்றரை இல்லாதது மட்டுமல்ல, அந்த நாலும் இரண்டரை போலத் தோன்றும். காலை 4 மணிக்குக் கிளம்பி 6.30-க்குத் துபாய் சேரும் என்று அச்சாகியிருக்கும், அந்த ஆறரை துபாய் நேரம், நம் கடிகாரத்தில் எட்டு மணி. திரும்பும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரம் போலக் காட்டும். முதன்முறை போகும் பிள்ளையை வழியனுப்பிவிட்டுச் சேர்ந்துவிட்டானா என்று காத்திருக்கும் வீடுகள் இந்தக் கணக்கில் தடுமாறும். இவர்களுக்கு வாகைக்குளம் இன்னும் விடையல்ல, மதுரை ஒரு மாற்று. ஆரியங்காவுச் சாலையைச் சரியாக வைத்திருப்பதும், மழைக்காலத்தில் மண்சரிவுத் தகவலை இரு மாநிலத்தாரும் உடனுக்குடன் சொல்வதும் இவர்களுக்குப் புதிய முனையத்தைவிட மேலான உதவி.

பயணத்தின் மறுமுனையையும் மறந்துவிடக் கூடாது. மீனம்பாக்கம் ஊருக்குள் இருப்பதாலும் 2016 முதல் மெட்ரோ வாசலுக்கே வருவதாலும் சென்னையில் நம் தரை நேரம் கட்டுக்குள் இருக்கிறது. பெங்களூரு வானவழியில் அருகில் என்று முன்னே சொன்னேன். ஆனால் அதன் விமான நிலையம் 2008 முதல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நகருக்குள் வர முப்பது, நாற்பது கி.மீ. நெரிசலைக் கடக்க வேண்டும். வானத்தில் கிடைத்த முப்பது கி.மீ. லாபம் அங்கே வட்டியோடு போய்விடும். இப்போது சென்னைக்குப் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்திருக்கிறார்கள். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடி வருகிறார்கள், அது தனியாகவும் விரிவாகவும் பேச வேண்டிய விஷயம். நம் கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால், நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஓரிடத்துக்கு உள்நாட்டு விமானங்கள் மாற்றப்பட்டால், தூத்துக்குடி – சென்னை பறக்கும் தூரம் பெரிதாக மாறாது. ஆனால் எழும்பூரில் மூன்று மணிக்கு இறங்கியவர் நாலரைக்கு இறங்குவார். ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையே மிச்சமிருந்த மூன்று மணி நேரத்தில் பாதி அங்கே காணாமல் போகும். தென்மாவட்டச் சேவைகளை மீனம்பாக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போதே கேட்டால்தான் உண்டு.

தரை நேரத்தைக் குறைக்கப் பெரும் பணம் தேவையில்லை. திருநெல்வேலி டவுண், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, இரவணசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று ஆற்றையும் மலையடிவாரத்தையும் ஒட்டி ஒரு ரயில் பாதை 1904-லிருந்து கொல்லம் வரை ஓடுகிறது. 2012-ல் அது அகலப்பாதையாகத் திருநெல்வேலி – தென்காசி இடையே முழுமை பெற்றது. ஆழ்வார்குறிச்சியில் பாசஞ்சர் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் திருநெல்வேலி சந்திப்பு. அங்கிருந்து வாகைக்குளம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பாசஞ்சர் வரும் நேரத்தையும் விமானம் கிளம்பும் நேரத்தையும் பார்த்து, சந்திப்பு ரயில் நிலைய வாசலிலிருந்து முனைய வாசல் வரை போகும் பேருந்தை, விமானம் தாமதித்தால் காத்திருக்கும் ஏற்பாட்டோடு விட்டால், கார் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள ஒன்றரை மணி நேர வித்தியாசம் பெருமளவு அடைபடும். அட்டவணை மாறும்போது பேருந்தும் மாற வேண்டும், அதுதான் இதில் உள்ள ஒரே சிரமம். போக்குவரத்துக் கழகமும் ரயில்வேயும் விமான நிலைய ஆணையமும் ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கால, குளிர்கால விமான அட்டவணை வெளியாகும்போது, ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். திருநெல்வேலி, தென்காசி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து அந்த முதல் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அடுத்த முறை தொகுதிக்கு வரும் மக்கள் பிரதிநிதியிடம் புதிய விமானம் எப்போது என்று கேட்குமுன், விமானத்துக்குப் போகும் பேருந்து எப்போது என்று வாசகர்கள் கேட்க வேண்டும்.